ரூஃபினாவின் ஏழு மீட்டர்

ரஷ்யாவில் காமிஷின் என்கிற ஊரின் நெசவாலைப் பெண்கள் ஹேண்ட்பால் அணிக்குப் பதினோரு வருஷம் கோல் காத்த தயீசியாவை ஒரு திங்கட்கிழமை காலையில் பயிற்சியாளராக்கினார்கள். பழைய பயிற்சியாளர் சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து "எனக்கு இந்தப் பொண்ணுங்களும் வேண்டாம், பந்தும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சீசன் முடிய ஆறே ஆட்டம்தான் பாக்கி. வெளியூரில் ஆள் தேட ஆலைக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. இவளுக்கோ முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்விட்டன, எப்படியும் இந்த வருஷத்தோடு ஓய்வுதான். கூப்பிட்டுக் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவள் எல்லோருக்கும் 'தாயா', தயீசியாவின் சுருக்கம். "தாயா, சோப்பு இருக்கா?", "தாயா, உன் சாக்ஸை எடுத்துட்டுப் போடி, ரூமே நாறுது." திங்கட்கிழமையிலிருந்து தயீசியா ரதியோனவ்னா. அப்பா பெயரையும் சேர்த்து முழுசாகச் சொல்லி, 'நீங்க' போட்டுத்தான் பேச வேண்டும். முதல் நாள் பயிற்சியில் ஒருத்தி "தாயா, இங்க வந்து..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். தயீசியாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஸவேலிச் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டாள்.

ஸவேலிச் முப்பது வருஷமாக உதவிப் பயிற்சியாளர். தலைமைப் பதவியைக் கொடுத்தால் ரத்தக்கொதிப்பு வந்துவிடும் என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர். அவர் அன்றைக்கே அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரதியோனவ்னா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன், காதுல போட்டுக்கோ. உன் சிநேகிதியை நீ தூக்கி வைக்கிறதா இவளுகள்ல ஒருத்தி நினைச்சாலும் போச்சு. அணி ரெண்டா உடைஞ்சிடும். நான் பாத்திருக்கேன்."

"நான் யாரையும் தூக்கி வைக்க மாட்டேன், ஸவேலிச்."

"பாப்போம், பாப்போம்."

சிநேகிதி என்று அவர் சொன்னது ரூஃபினாவை. ரூஃபினா கைனுல்லினா, அணியின் இரண்டாவது கோல்கீப்பர். அதே பதினோரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவள். இரண்டாவது கோல்கீப்பர் பிழைப்பு இருக்கிறதே, அதைப்போல ஒரு பிழைப்பு வேறு எதிலும் இல்லை. முதலாமவளோடு சமமாகப் பயிற்சி செய்ய வேண்டும், சமமாக அடி வாங்க வேண்டும், ஆட்டத்தன்று முதலாமவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்ட வேண்டும். ஒன்றே ஒன்றுதான் அவளுக்கென்று உண்டு. எதிரணிக்கு ஏழு மீட்டர் எறிதல் கிடைத்தால், அது கால்பந்து பெனால்டி மாதிரி, எறிபவள் ஒருத்தி, கோல்கீப்பர் ஒருத்தி, வேறு யாரும் குறுக்கே வர முடியாது. அந்த ஒரு எறிதலுக்கு மட்டும் இரண்டாமவளை உள்ளே அனுப்புவது எல்லா ஊரிலும் வழக்கம். புது முகத்தைப் பார்த்ததும் எறிபவள் கொஞ்சம் தடுமாறுவாள். ரூஃபினாவோ அதில் கெட்டிக்காரி. பயிற்சியில் பத்து ஏழு மீட்டரில் நாலைத் தடுப்பாள். தயீசியாவால் இரண்டு முடிந்தால் பெரிது.

ஆனால் ஆட்டத்தில் என்ன நடந்தது? ஏழு மீட்டருக்கு விசில் அடிக்கும். ரூஃபினா எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றுவாள். கோலுக்குள் நிற்கும் தயீசியா அங்கிருந்தே தலையை ஆட்டுவாள், வேண்டாம் என்று. பழைய பயிற்சியாளருக்கு அவளை எதிர்த்துப் பேசத் துணிச்சல் கிடையாது. ரூஃபினா மறுபடி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். இப்படியே பதினோரு வருஷம்.

"என் ஜாக்கெட்டோட ஜிப்புக்குத்தான் நல்ல பயிற்சி. ரஷ்யாவுலயே இவ்வளவு உழைச்ச ஜிப் வேற கிடையாது" என்பாள் ரூஃபினா. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. தயீசியாவின் மகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்தங்கிப் பார்த்துக்கொண்டவள், தயீசியாவின் புருஷன் விட்டுப் போனபோது கூடவே இருந்து வீட்டைக் காலி செய்து கொடுத்தவள். அப்படிப்பட்டவளை ஏன் ஒரு தடவைகூட உள்ளே விடவில்லை என்று தயீசியா தன்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

இப்போது தயீசியா வெளியே வந்தாயிற்று. கோல் காலி. முப்பத்தைந்து வயதில் ரூஃபினாவுக்கு விடிந்தது என்றுதான் ஊரே நினைத்தது. தயீசியா நிறுத்தியதோ பத்தொன்பது வயது உஸ்தீனியாவை, எல்லோரும் உஸ்தியா என்று கூப்பிடுகிறவளை. மரம்போல் உயரம், கை ஒவ்வொன்றும் துடுப்பு நீளம். சத்தியமாகச் சொன்னால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் ஆட்டம் அப்படி. ரூஃபினாவுக்கும் அது தெரியும்.

ஐந்து ஆட்டத்தில் இரண்டு வெற்றி, மூன்று தோல்வி. கடைசி ஆட்டம் வெளியூரில், பென்சாவில். அதில் ஜெயித்தால் மேல் பிரிவில் இருக்கலாம். சமன் ஆனாலும் கீழ்ப் பிரிவுதான்.

பென்சாவுக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, கைகழுவும் இடத்தில் ரூஃபினா நின்றுகொண்டிருந்தாள். பந்து கையில் ஒட்டுவதற்காகப் பூசுகிற பிசினைச் சூரியகாந்தி எண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தயீசியா வந்து பக்கத்தில் நின்றாள்.

"இல்தாருக்கு நீஷ்னிவர்த்தோவ்ஸ்க்ல வேலை ஆயிடுச்சு" என்றாள் ரூஃபினா. இல்தார் அவள் புருஷன். "சைபீரியாவுல எண்ணெய்க் கம்பெனி. ஜூன்ல கிளம்பறோம்."

"அவ்வளவு தூரமா?"

"கொசுவும் குளிரும்தான். போய்த்தானே ஆகணும்." கையை இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டு, அவள் மட்டுமே கூப்பிடுகிற செல்லப் பெயரில் கூப்பிட்டாள். "தாய்கா, பென்சா ஆட்டம்தான் எனக்குக் கடைசி. உஸ்தியா நல்லாத்தான் பிடிக்கிறா, அவளே நிக்கட்டும். நான் அதைக் கேக்கலை. ஏழு மீட்டர் வந்தா மட்டும் என்னை அனுப்புடி. ஒண்ணு போதும்."

தயீசியாவின் வாயில் 'சரி' வந்துவிட்டது. அதற்குள் ஸவேலிச்சின் முகம் ஞாபகம் வந்து தொலைத்தது.

"பாக்கலாம்."

"பாக்கலாமா?"

"ஆட்டம் எப்படிப் போகுதுன்னு பாத்துத்தானே, ரூஃபா, முடிவு பண்ண..."

ரூஃபினா குழாயை மூடினாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "சரிங்க, தயீசியா ரதியோனவ்னா" என்றாள். அங்கே அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. தயீசியாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

பஸ் காலை ஐந்து மணிக்குக் கிளம்பியது. பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று, ஊர் வழக்கப்படி எல்லோரும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் டிரைவர் வண்டியை எடுத்தார். ஊர் எல்லை தாண்டியதும் பின்னால் உப்பில் ஊறிய தர்பூசணி ஜாடி திறக்கிற வாசனை வந்தது. பொரித்த கோழி, அவித்த முட்டை, வெள்ளரி எல்லாம் கைமாறின. ரூஃபினா ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ்ஸே அதிரச் சிரித்தார்கள். போன மாதம்வரை அந்தக் கடைசி வரிசையில் ரூஃபினாவின் தோளில் சாய்ந்துகொண்டு அதைக் கேட்டவள் தயீசியா. இப்போது முன் இருக்கையில் ஸவேலிச்சின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு வந்தாள். யாரோ முன்னால் கொடுத்தனுப்பிய தர்பூசணித் துண்டு மட்டும் கையில் இருந்தது.

ஆட்டம் மதியம் இரண்டு மணிக்கு. பென்சாக்காரர்கள் முரசும் ஊதுகுழலுமாக அரங்கை நிறைத்திருந்தார்கள்.

பன்னிரண்டாவது நிமிஷம் முதல் ஏழு மீட்டர் வந்தது. ரூஃபினா எழுந்தாள், ஜிப்பைக் கீழே இழுத்தாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தயீசியாவைப் பார்த்தார்கள், அல்லது பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. கை தூக்கி 'போ' என்று சொல்ல ஒரு விநாடி போதும். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. உஸ்தியா நின்றாள். கோல்.

இரண்டாவது ஏழு மீட்டருக்கு ரூஃபினா பாதிதான் எழுந்தாள். தயீசியா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கோல்.

மூன்றாவது வந்தபோது ரூஃபினா எழவே இல்லை. முழங்கைகளைத் தொடையில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை உஸ்தியாவே பெஞ்சைப் பார்த்தாள், மாற்றுங்களேன் என்கிற மாதிரி. தயீசியா, நில்லு என்று கையைக் காட்டினாள். அந்தக் கோலும் போயிற்று.

ஸவேலிச் அவள் காதருகே குனிந்தார். "நான் என்ன சொன்னேன்? தூக்கி வைக்காதேன்னு சொன்னேன். போட்டு மிதின்னு சொன்னேனா?"

தயீசியா முதலில் பயத்தில் செய்ததை இப்போது பிடிவாதத்தில் செய்துகொண்டிருந்தாள். தப்பு என்று தெரிந்தும் திரும்பி வர வழி தெரியாமல் நிற்பது எவ்வளவு கேவலம். இதை எப்படிச் சரிசெய்வது என்று யோசிக்கக்கூட ஆட்டம் விடவில்லை. ஒரு கோல் இவர்கள் போட்டால் அடுத்தது அவர்கள் போட்டார்கள்.

கடைசி நிமிஷம். இருபத்துநாலுக்கு இருபத்துமூன்று, காமிஷின் ஒரு கோல் முன்னால். ஒருத்தி தண்டனையில் வெளியே இருந்தாள். ஆள் எண்ணிக்கை குறையாமல் இருக்க உஸ்தியாவை பெஞ்சுக்கு அழைத்து, கோலைக் காலியாக விட்டு, இன்னொருத்தியைத் தாக்குதலுக்கு இறக்கியிருந்தார்கள். எல்லோரும் செய்கிற தந்திரம்தான். பந்தைக் கைவிடாத வரைக்கும் நல்லது.

கைவிட்டார்கள். மூன்று விநாடி பாக்கி இருக்கும்போது ஒரு கைமாற்றல் தவறியது. பென்சாவின் ஓரத்து ஆட்டக்காரி பந்தைப் பொறுக்கியதும், அங்கிருந்தே, மைதானத்தின் அந்தக் கடைசியிலிருந்து, காலிக் கோலைப் பார்த்து வீசினாள். உஸ்தியா ஓடினாள், எட்டாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. பந்து பக்கக்கோட்டை ஒட்டியே, ஒரு குதி குதித்து, காமிஷின் பெஞ்சுக்கு எதிரே மார்பு உயரத்தில் பறந்தது.

கோட்டுக்கு ஒரு அடி வெளியே நின்றுகொண்டிருந்தாள் தயீசியா. அடுத்து நடந்ததை அவள் செய்தாள் என்று சொல்வது சரியில்லை. இடது முழங்கால் அகலமாக விரிந்து இறங்கியது, இரண்டு மாதமாக மடங்க மறுத்த அதே முழங்கால். வலது கை மேலே போனது. உள்ளங்கையில் பந்து பட்டென்று மோதி, பெஞ்சைத் தாண்டி, பார்வையாளர்களுக்குள் போய் விழுந்தது. அந்த வருஷத்தின் மிகச் சிறந்த தடுப்பு அதுவாகத்தான் இருக்கும். ஆனால் தடுத்தவள் கோல்கீப்பர் இல்லையே, கழுத்தில் விசில் தொங்கும் பயிற்சியாளர்.

அரங்கத்தில் கூச்சலும் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பின. தயீசியா தரையில் கால் விரித்தபடியே தன் கையைப் பார்த்தாள். நடுவர் வந்து அவள் தலைக்கு மேலே சிவப்பு அட்டையைக் காட்டினார். அரங்கத்தை விட்டு வெளியே போக வேண்டும். பென்சாவுக்கு ஏழு மீட்டர். அதற்கு மேல் ஆட்டம் நடத்த நேரம் இருக்காது. உள்ளே போனால் சமன், சமன் என்றால் எல்லாம் முடிந்தது.

அவள் யாரையும் பார்க்காமல் நொண்டிக்கொண்டே நடைவழிக்குள் போனாள். பின்னால் கதவு மூடிக்கொண்டது. அங்கே ஒரு முக்காலியில் அரங்கக் காவல்காரி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, சாக்ஸ் பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஓரமா நட. இப்பத்தான் துடைச்சேன்" என்றாள். பிறகு ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன, அடிபட்டுடுச்சா?"

"வெளியே அனுப்பிட்டாங்க."

"ஓ. அப்ப உக்காரு."

தயீசியா உட்காரவில்லை. கதவில் காதை வைத்தாள். உள்ளே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. சொல்ல வேண்டியவள் இங்கே ஈரத்தரையில் நிற்கிறாள். கடவுளே, ஸவேலிச்சுக்கு இந்த ஒரு தடவை துணிச்சலைக் கொடு என்று வேண்டிக்கொண்டாள். முரசு நின்றது. விசில் ஒலித்தது.

பென்சாவில் கோல் விழுந்தால் கூரை அதிரும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் இருபத்துமூன்று தடவை கேட்டிருந்தாள். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. காவல்காரியின் ஊசிகள் உரசுகிற சத்தம்தான். அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. அப்புறம், எங்கோ தூரத்தில், பத்துப் பதினைந்து பெண்கள் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. அவளுடைய பெண்கள்.

தயீசியா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து, துடைத்த தரையில் உட்கார்ந்தாள். காவல்காரி தன் காலை ஒதுக்கிக்கொண்டு பின்னலைத் தொடர்ந்தாள்.

ஸவேலிச் மூச்சிரைக்க வந்தார்.

"தடுத்துட்டா."

"யாரு?"

"யாராம்! நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள உஸ்தியா பெஞ்சுக்கு வந்து ரூஃபினாவைக் கையைப் பிடிச்சு இழுத்து எழுப்பிட்டா. 'போங்கக்கா, என்னால ஆகாது'ன்னு. ரூஃபினாவுக்கு ஜாக்கெட்டைக் கழட்டக்கூட நேரமில்லை, அதோடயே போய் நின்னா. இடது கால்ல வாங்கினா பாரு..." அவர் தன் காலை வீசிக்காட்டப் போய்த் தடுமாறிச் சுவரைப் பிடித்தார்.

உடை மாற்றும் அறையிலேயே கதை பிறந்துவிட்டது. யார் தொடங்கினார்களோ, எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். "ரதியோனவ்னா கணக்குப் போட்டுத்தான் செஞ்சாங்க. பந்தை விட்டா கோல் நிச்சயம். தடுத்தா ஏழு மீட்டர். ஏழு மீட்டர்னா நம்மகிட்ட ரூஃபினா இருக்கா." "அதுக்குத்தான் ரூஃபினாக்காவை அதுவரைக்கும் உக்கார வச்சிருந்தாங்க, களைச்சுப் போகாம." "அடேங்கப்பா, என்ன மூளைடி." அணி முழுக்க அவளை அன்றைக்குப் பார்த்த மாதிரி எந்தப் பயிற்சியாளரையும் பார்த்ததில்லை.

"அப்படியே விட்டுடு" என்று முணுமுணுத்தார் ஸவேலிச். "நல்ல கதை. யாருக்கு என்ன நஷ்டம்?"

பஸ் ஊரைத் தாண்டியபோது மே மாத வெயில் இன்னும் சாயவில்லை. பின்னால் பாட்டும் கூத்துமாக இருந்தது. ரூஃபினா அதிலிருந்து எழுந்து, இருக்கைகளைப் பிடித்துக்கொண்டே, முன்னால் வந்தாள். இடது கணுக்காலில் பெரிய ஐஸ் பொட்டலம் கட்டியிருந்தது. ஸவேலிச் வயதானவர், விஷயம் புரிந்தவர், கோழிக்கால் தேடுகிற சாக்கில் பின்னால் போய்விட்டார்.

ரூஃபினா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. பதினோரு வருஷத்தில் அந்த முகத்தில் தயீசியா பார்க்காத ஒரு குழைவு இருந்தது.

"தாய்கா. இவளுக சொல்றது நிஜமா? எனக்காகவா செஞ்சே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும், பதினோரு வருஷக் கடன் மொத்தமும் அடைந்துவிடும். ரூஃபினா அதை நீஷ்னிவர்த்தோவ்ஸ்குக்குக் கொண்டுபோய், குளிரிலும் கொசுவிலும் ஆயுசு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவாள். யாருக்கு என்ன நஷ்டம்? தயீசியா ஜன்னலைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "கை தானாப் போச்சு, ரூஃபா. உன்னை நினைக்கவே இல்லை. அந்த நேரத்துல நான் யாரையும் நினைக்கலை."

ரூஃபினாவின் முகத்திலிருந்து அந்தக் குழைவு மெல்ல வடிந்தது. தயீசியா அதைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல் பேசினாள். நிறுத்தினால் மறுபடி வராது.

"அது ஒண்ணுதான் யோசிக்காம செஞ்சது. இன்னைக்கு மூணு தடவை உன்னை உக்கார வச்சேனே, அது யோசிச்சு. அதுக்கு முன்னால பதினோரு வருஷம் தலையை ஆட்டினேனே, அதுவும் யோசிச்சு. நீ உள்ளே வந்தா பந்தைத் தடுத்துடுவே, அது எனக்குத் தெரியும். அதனாலதான்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் பாட்டின் அடுத்த அடியை ஆளுக்கொரு சுருதியில் இழுத்தார்கள்.

"தெரியும்" என்றாள் ரூஃபினா.

"என்ன தெரியும்?"

"அதனாலதான்னு. முதல் வருஷமே தெரியும்." குரல் கரகரத்தது. "வேற அணியில கூப்பிட்டாங்கடி என்னை. ரெண்டு தடவை. வோல்கோகிராட்லகூட. முதலாவது கோல்கீப்பரா. நான் போகலை. நீ ஒருநாள் வாயைத் திறந்து இதைச் சொல்லுவே, அதுக்கப்புறம் போலாம்னு இருந்தேன். எவ்வளவு முட்டாள் நான்."

தயீசியா அழுதாள், பயிற்சியாளர் அழக்கூடாது என்றெல்லாம் நினைக்காமல், அத்தனை பெண்களுக்கும் தெரியும்படி அழுதாள். ரூஃபினா அவளைத் தேற்றவில்லை. திரும்பிப் பின்னாலும் போகவில்லை. கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். காமிஷின் வரும்வரை ஏழு மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.